இழுக்கிற பெயர்

என் மகளுக்குப் பெயர் வைக்கிறேன் என்று கிளம்பியவர்களில் ஒருவருக்காவது அந்தக் குழந்தையின் முகத்தை ஒரு நிமிஷம் பார்க்கத் தோன்றியிருந்தால் நான் அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். எல்லாருக்கும் பாட்டு. என் அண்ணனுக்கு நாடகப் பாட்டு, நாத்தனாருக்குப் பஜனைப் பாட்டு, என்னைக் கட்டியவருக்கு மரம் இழுக்கிற பாட்டு. அவரவர் பாட்டிலிருந்து ஒரு பெயரைப் பிடுங்கிக்கொண்டு, நேரில் வந்தும் ஆள் விட்டும், பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளின் தலைமாட்டில் தகராறு செய்தார்கள். குழந்தை பெயர் இல்லாமல் தூளியில் கிடந்தது.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். முப்பதுகளின் தொடக்கம். ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம். துவைத்த துணியை வெளியே உலர்த்தினால் இஞ்சின் கரி படியும், உள்ளே உலர்த்தினால் கருவாட்டு வாடை ஏறும். இந்த லட்சணத்தில் மனிதர்கள் எப்படித்தான் பாட்டு பாட்டு என்று அலைந்தார்களோ எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் வீட்டுக்காரர் மரவாடியில் வேலை பார்த்தார். பர்மாவிலிருந்து கப்பலில் வரும் தேக்கு மரங்களைக் கரையிலிருந்து வாடிக்குள் இழுத்துச் சேர்க்கிற வேலை. ஒவ்வொரு மரமும் யானை படுத்த மாதிரி இருக்கும். ஒரு பெரிய கூட்டமே வடம் பிடிக்கும். இவர் பிடிப்பதில்லை. மரத்தின் மேல் ஏறி நின்று பாட்டுக் கொடுப்பார். அவர் ஒரு அடி பாட, மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே ஒரே மூச்சில் இழுப்பார்கள். பாட்டுக் கொடுக்கிற ஆள் சரியில்லை என்றால் மரம் அசையாது. தப்பித்தவறி அசைந்தால் யார் காலிலாவது ஏறும். அதனால் வாடியில் அவருக்கு நல்ல மரியாதை. அந்த மரியாதையை வீட்டிலும் எதிர்பார்த்ததுதான் எனக்குத் தலைவலி.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இழுவைப் பாட்டில் எப்போதும் ஒரு பெண் பெயர் வரும். அது எவளோ ஒருத்தியின் பெயராக இருப்பதற்குப் பதில் நம் வீட்டுப் பெண்ணின் பெயராக இருக்கட்டுமே என்று யாரோ எந்தக் காலத்திலோ ஆரம்பித்திருக்கிறார்கள். கூட்டத்தில் யாருக்காவது பெண் பிறந்தால், பெயர் வைத்துவிட்டு அப்பன் வேலைக்குத் திரும்புகிற நாளில் முதல் மரத்தை அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லித்தான் இழுப்பார்கள். ஆண் பிள்ளைக்கு இது கிடையாது. ஆண் பெயர் இழுக்காதாம். பெண்ணைப் பெற்றவனுக்கு இப்படியாவது ஒரு பெருமை கிடைக்கட்டும் என்று நானும் முதலில் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. இந்தக் குழந்தைக்கு இரண்டு வருஷம் முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்து இறந்துபோனாள். பெயர் வைக்காமலே போனாள். எங்கள் வழக்கப்படி குழந்தையின் காதில் பெயர் சொல்ல வேண்டியவள் அத்தை. என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டது வள்ளூரில். அந்த ஐப்பசியில் மழை கொட்டி, அந்தப் பக்கத்துப் பாதையெல்லாம் தண்ணீரில் கிடந்தது. அவர் வரட்டும், அவர் வரட்டும் என்று காத்திருந்தோம். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அவர் வந்து சேர்ந்தபோது குழியை மூடிவிட்டு வந்திருந்தார்கள்.

அழ வந்த பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார்கள். ஒப்பாரி என்பது பெயர் சொல்லி அழுவது. பாட்டு எடுத்தவள் முதல் அடியைச் சொல்லிவிட்டு, பெயர் வருகிற இடத்தில் நின்று, என் காதருகே குனிந்து பெயர் என்ன என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் "கண்ணே" என்று எதையோ போட்டு நிரப்பிக்கொண்டு போனாள். எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காமல் போயிற்று. எவள் குழந்தைக்கு வேண்டுமானாலும் அந்தக் கண்ணே பொருந்தும். பிறகு அவளை நினைக்கிற போதெல்லாம் நினைப்பதற்கு ஒரு சொல் இல்லை. அந்தக் குழந்தை, அது, அப்போ பிறந்தது. பெற்றவள் தன் பெண்ணை 'அது' என்று நினைப்பதைவிடக் கேவலம் எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

ஆகையால் இரண்டாவது பெண் பிறந்ததும் நான் கேட்டது ஒன்றே ஒன்று. எந்தப் பெயராக இருந்தாலும் சரி, உடனே வையுங்கள். கறுப்பி என்று வைத்தாலும் சரி. இவளும் பெயரில்லாமல் கிடக்கக் கூடாது. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டுப் பாட்டை எடுத்தார்கள்.

முதலில் வந்தவர் அண்ணன். ரயில்வேயில் குமாஸ்தா. பகலெல்லாம் சரக்கு ரசீது எழுதுவார், சாயங்காலமானால் நாடகக் கொட்டகை. அப்போது புதிதாக ஒரு கிராமபோன் பெட்டி வாங்கியிருந்தார். அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கூத்தாடாத குறைதான். குழந்தையைப் பார்க்க வருகிறவர் ஒரு பிடி சர்க்கரை கொண்டு வருவார், இல்லை ஒரு துண்டுத் துணி கொண்டு வருவார். இவர் பெட்டியைக் கொண்டு வந்தார். முற்றத்தில் வைத்துச் சாவி கொடுத்து, ஊசியை வைத்து, கதாநாயகி அழுகிற பாட்டை ஊரே கேட்கும்படி போட்டார். குழந்தை வீரிட்டது. பாட்டு ஞானம் இருக்கிறது பார் என்றார்.

மோகனாம்பாள் என்றார். மனோரஞ்சிதம் என்றார். பிறகு பெயரை விட்டுவிட்டு ராகத்துக்குப் போனார். அந்தப் பாட்டு சாவேரியில் இருந்ததாம். சாவேரி என்றே வைத்துவிடலாமே, புதுமையாக இருக்கும் என்றார். பெயரின் முதல் இரண்டு எழுத்து, சாவே என்றுதான் என் காதில் விழுந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் அண்ணா என்றேன். அவர் ஏன் என்று கூடக் கேட்கவில்லை. ஊசி மழுங்கிவிட்டது, அடுத்த தடவை புது ஊசி போட்டுக் கொண்டுவருகிறேன் என்றார்.

நாத்தனார் இந்தத் தடவையும் வரவில்லை. மழை ஒன்றும் இல்லை, நல்ல வெயில். ஆனால் அவர்கள் ஊர்ப் பஜனைக் கூட்டத்தில் அவர்தான் முன்வரிசை. உற்சவம் முடியாமல் நகர முடியாதாம். ஊரிலிருந்து யார் பட்டணத்துக்கு வந்தாலும் அவர் வாயில் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார். கீரைக்காரியிடம் வேதவல்லி வந்தது. உப்பளத்து ஆளிடம் அலமேலு வந்தது. போன வெள்ளிக்கிழமை பாடிய பாட்டில் ரங்கநாயகி என்று வந்ததாம், அது மனசில் நின்றுவிட்டதாம், ஆகையால் மற்ற இரண்டும் வேண்டாம் என்று பால்காரன் வந்து சொன்னான். கூப்பிடுகிற போதெல்லாம் புண்ணியம் சேர்கிற பெயராக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. எந்தப் பெயரானாலும் தான் வந்து காதில் சொல்லாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதையும் மூன்று பேரிடமும் மறக்காமல் சொல்லி அனுப்பியிருந்தார். வருவதாகச் சொன்ன நாள் மட்டும் ஒவ்வொரு ஆள் வாயிலும் ஒவ்வொன்றாக இருந்தது.

இவர்கள் இரண்டு பேரையும் சமாளித்துவிடலாம். ஒருவர் பைத்தியம், ஒருவர் தூரத்தில் இருக்கிறார். என் வீட்டுக்காரர்தான் என் பிராணனை வாங்கினார்.

அவருக்குப் பெயர் இழுக்க வேண்டும். பெயரின் முன்பாதி நீண்டு போக வேண்டுமாம். அப்போதுதான் அத்தனை பேரும் மூச்சை வாங்கிக் காலை ஊன்ற நேரம் கிடைக்கும். பின்பாதி சட்டென்று முடிய வேண்டுமாம். அந்த இடத்தில்தான் வடத்தை வெட்டி இழுப்பார்கள். இதை எனக்கு விளக்கிச் சொன்னது போதாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தும் காட்டினார். முற்றத்தில் ஆறு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு பெரிய ஆட்டுக்கல் கிடந்தது. அதில் வடத்தைக் கட்டினார். அக்கம்பக்கத்து ஆண்களுக்கு வேறு வேலை இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். இவர் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு பெயராகப் பாடினார்.

வேதவல்லிக்கு முன்பாதி சரி, பின்பாதி வழுக்குகிறது என்று தள்ளினார். அலமேலு நடுவில் எகிறுகிறதாம். மோகனாம்பாளைச் சொல்லி இழுத்தால் யார் எப்போது இழுப்பது என்றே தெரியவில்லை, இரண்டு பேர் பின்னால் விழுந்தார்கள். மனோரஞ்சிதத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மரம் தானாகவே திருவொற்றியூர் போய்ச் சேர்ந்துவிடும் என்று சிரித்தார்கள். நான் உள்ளே தூளியை ஆட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான் பெற்றது பெண்ணா, தேக்கு மரமா என்று கேட்டேன். யார் காதிலும் விழவில்லை.

கடைசியில் அவர் ஒரு பெயரைப் பாடினார். பூங்காவனம். பூங்கா என்கிற வரையில் குரல் நீண்டுகொண்டே போயிற்று. வனம் என்றதும் ஆட்டுக்கல் எகிறி, முற்றத்தின் ஓரத்துக் கால்வாயில் போய் விழுந்தது. ஆண்கள் எல்லாம் ஆகா என்றார்கள். பெண்கள் எல்லாம் என் வாசலில் வந்து நின்றார்கள். அதை வெளியே எடுக்கும் வரை ஆறு வீட்டிலும் இட்லி இல்லை, தோசை இல்லை. அத்தனை பேருக்கும் பதில் சொன்னவள் நான்.

இதற்கு அப்புறம் அவர் வேறு பெயரைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பூங்காவனம்தான். எங்கள் வீட்டிலும் அந்தப் பெயர் கிடையாது, அவர்கள் வீட்டிலும் கிடையாது. எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டால், அதுதான் இழுக்கும் என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பாட்டுக் கொடுக்கிற வாய், வீட்டில் ஒரு கேள்வி கேட்டால் பூட்டிக்கொள்ளும். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெறும் இழுவைக்காக ஒரு மனிதன் இப்படி அடம் பிடிப்பானா? எந்தத் தெருவில் எவள் இருக்கிறாளோ, அவள் பெயரை என் குழந்தைக்குச் சூட்டப் பார்க்கிறாரோ என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். முகம் கறுத்திருந்தது. குற்றமுள்ளவனுக்குத்தான் முகம் அப்படிப் போகும் என்று நான் தீர்மானம் செய்துகொண்டேன். உயிர் போனாலும் அந்தப் பெயர் மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

இப்படியாக நாள் போயிற்று. அண்ணன் புது ஊசியோடு வந்தார். நாத்தனார் வரவில்லை. இவர் காலையில் வாடிக்குப் போய் மாலையில் வந்து, தூளியை எட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் குழந்தையைத் தூக்கினேன். உடம்பு சுட்டது.

அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். எதிர் வீட்டில் தோல் மண்டிக்காரர் ஒருவரின் மனைவி இருந்தார். பாயம்மா என்று கூப்பிடுவோம். முற்றத்தில் எந்தக் குழந்தைக்கு என்ன என்றாலும் அவரிடம்தான் ஓடுவோம். குழந்தையைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். சளிக் காய்ச்சல்தான், பயப்படாதே என்றார். ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். பிறகு தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓதி ஊத உட்கார்ந்தார்.

"புள்ள பேரு இன்னாம்மா?" என்றார்.

கேட்ட பிறகுதான் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. பரவாயில்லை, தாய் பெயரைச் சொல்லி ஓதலாம் என்று ஓதி ஊதினார். நல்ல மனுஷி. ஆனால் எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. இதே கேள்வியை இரண்டு வருஷம் முன்னால் ஒருத்தி என் காதருகே குனிந்து கேட்டாள். இந்தத் தடவையும் நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை என்று தோன்றிவிட்டது.

குழந்தையைப் பழைய புடவையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு கிளம்பினேன். பாயம்மா வாசல் வரை வந்து தடுத்தார். தீட்டுக் கழியாத பச்சை உடம்பு தெருவில் இறங்கக் கூடாது என்று மற்றப் பெண்களும் கூச்சல் போட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். எனக்கு நியாயம் கேட்கிற நேரம் இல்லை. சந்து முனையைத் தாண்டி, மீன் உலர்த்துகிற மணலைத் தாண்டி நடந்தேன். காலில் செருப்பு இல்லை, மணல் கொதித்தது. போய் என்ன கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லு, இப்போதே சொல்லு, உன் மரத்தை எதைச் சொல்லி வேண்டுமானாலும் இழுத்துக்கொள், என் பெண்ணுக்கு ஒரு பெயரைக் கொடு என்று.

வாடியின் வேலி தெரிவதற்கு முன்பே பாட்டு கேட்டது. அவர் குரல்தான். கூட்டம் பதில் சொல்லி இழுத்தது. காற்று கரைப் பக்கம் அடித்ததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

பூங்காவனம்.

பெற்றவளைக் கேட்காமல், வேண்டாம் என்று சொன்ன பிறகும், தானே பெயர் வைத்து மரமும் இழுத்தாகிவிட்டது என்று நினைத்தேன். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது. அத்தனை ஆண்களும் வடத்தைக் கையில் பிடித்தபடி திரும்பினார்கள். அவர் மரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். கீழே இறங்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். யாரைக் கேட்டு என் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தாய், அவள் காய்ச்சலில் கிடக்கிறாள், நீ இங்கே எவள் பெயரையோ சொல்லிக் கும்மாளம் போடுகிறாய் என்றேன். வீட்டில் மரியாதை போட்டுப் பேசுகிறவள்தான் நான். அன்று மரியாதை எங்கே போயிற்றோ.

வரிசையின் முன்னால் நின்றிருந்த மேஸ்திரி வடத்தைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் வந்தார். வயசானவர். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது சின்னது பேரு இல்லம்மா. சின்னதுக்கு இன்னும் பேரே சொல்லல அவன். தெனமும் கேட்டுகினுதான் கீறோம். இது பெரிய பொண்ணு பேரு. ரெண்டு வர்சமா இத்த சொல்லித்தான் இஸ்துகினு கீறோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. யார் பெரிய பெண் என்று கேட்டேன். அவரும் விழித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவள் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறாள் என்றே நினைத்திருந்தார்கள். இப்போது ஓடி விளையாடுகிற வயசாகியிருக்குமே என்றார் ஒருவர்.

என் வீட்டுக்காரர் மரத்திலிருந்து இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், மரத்தின் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டே பேசினார்.

"அப்போ மண்ணு போட்டுட்டு, நாலு நாளு கழிச்சு வேலைக்கு வந்தேன். பேரு வெச்சிட்டு வந்துகிறேன்னு நெனச்சுகினு, எல்லாரும் வடத்த புடிச்சுகினு நின்னாங்கோ. பேரு இன்னாடான்னு கேட்டாங்கோ. பேரு இல்லன்னு சொல்ல வாய் வர்ல. செத்துப்பூட்டுதுன்னும் சொல்ல வர்ல. வாயில வந்தத சொன்னேன்."

அவர் வாயில் வந்தது அது. கூட்டம் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. நன்றாக இழுத்தது. வேறு யார் வீட்டிலாவது பெண் பிறந்தால் அன்று ஒரு நாள் அந்தப் பெயர். மறுநாள் மறுபடி இதுதான். இரண்டு வருஷமாக ராயபுரம் கரையில் ஏறிய தேக்கு மரத்தில் பாதி என் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டு ஏறியிருக்கிறது. மீன்காரிகளுக்குத் தெரியும். வண்டிக்காரர்களுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாது.

என் கோபத்தை எப்படிச் சொல்வது? அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. அழுகையும் கூடவே வந்தது, அதுவும் கோபமாகத்தான் வந்தது. நான் அவளை நினைக்க ஒரு சொல் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தேன். நீ அத்தனை பேரை வைத்துக்கொண்டு தினமும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்றேன். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொல்லிருந்தா, யாரக் கேட்டு வெச்சேன்னு கேட்டிருப்பே" என்றார்.

கேட்டிருப்பேன்தான். அதை அந்த நேரத்தில் ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை. அப்படியானால் அதே பெயரை ஏன் இவளுக்கும் வைக்கப் பார்த்தாய், பெரியவள் பெயரைப் பிடுங்கி இவளுக்குக் கொடுப்பாயா என்றேன்.

"வாடிலயே கூப்ட்டுகினு கீறேன்மே" என்றார். "வூட்ல ஒரு வாட்டியாவது கூப்புடணும்னு இருந்துச்சு."

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அங்கே கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தேன். குழந்தை சிணுங்கியது, புடவையைத் தளர்த்தி முகத்தைப் பார்த்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதுவும் தெரியாமல் கிடந்தாள். இனி ஒரு நிமிஷமும் தாங்காது என்று தோன்றியது. அத்தை சொல்ல வேண்டியதை நானே அவள் காதில் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன்.

என்ன பெயர் என்று இங்கே எழுதக் கூடாது என்று என் மகள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயரை அவளுக்கு இன்றும் பிடிக்காது. எந்தப் பாட்டிலும் இல்லாத பெயர். அவள் பிறந்தபோது பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் பெயர் அது. அந்தக் குழந்தை விஷயத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தவள் அவள் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றியது, அதனால் வைத்தேன்.

பெயரைக் கேட்டதும் கூட்டம் வழக்கத்தை விடவில்லை. வடத்தைப் பிடித்தார்கள். அவர் மரத்தில் ஏறிச் சின்னவள் பெயரைச் சொல்லிப் பாட்டுக் கொடுத்தார். மரம் அசையவில்லை. மறுபடி கொடுத்தார். வடம் மட்டும் விறைத்தது. மூன்றாம் தடவை மரம் ஒரு முழம் நகர்ந்து, அதற்குள் முன்வரிசையில் ஒருவர் சறுக்கி விழுந்தார். இந்தப் பேர் இழுக்காது தங்கச்சி, வேறு யோசித்துச் சொல்லு என்றார் மேஸ்திரி. இழுக்க வேண்டாம் என்றேன். அவள் யாரையும் இழுக்கவும் வேண்டாம், யாரும் அவளை இழுக்கவும் வேண்டாம், உங்களுக்கு மரம் ஏற வேண்டுமானால் பெரியவள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நான் வேலியைத் தாண்டி மணலில் நடக்கும்போது பின்னால் பாட்டு கேட்டது. பெரியவள் பெயர்தான். இந்தத் தடவை அவர் குரல் சரியாக எழவில்லை. பாதியில் மேஸ்திரிதான் வாங்கிப் பாட்டுக் கொடுத்தார் என்று பிறகு சொன்னார்கள்.

மத்தியானத்துக்குள் காய்ச்சல் விட்டது. தான் ஓதியதால் விட்டது என்று பாயம்மா சொன்னார். பெயர் வைத்ததால் விட்டது என்று நான் சொன்னேன். நாத்தனார் உற்சவம் முடிந்து ரங்கநாயகியோடு வந்து சேர்ந்து, தன் உரிமையை நான் பறித்துவிட்டதாக முற்றத்தில் நின்று சத்தம் போட்டு, வெகு காலம் என்னோடு பேசாமல் இருந்தார். அண்ணன் மட்டும் கடைசி வரைக்கும் சாவேரி என்றுதான் கூப்பிட்டார். அவரைத் திருத்த யாராலும் முடியாது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். கை கால் கழுவிக்கொண்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதன் நைனா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு அதுவரை அப்படிக் கூப்பிட வழி இல்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதுதான் குழந்தைக்குப் பெயர் வந்துவிட்டதே, எப்படிக் கூப்பிடுகிறாள் பார்க்கலாம் என்று முற்றத்துப் பெண்கள் வேலை இருக்கிற மாதிரி அங்கங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் போகவில்லை. இன்றும் முழுதாகப் போகவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, திட்டப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.

"பூங்காவனம் நைனா" என்றேன். "சோறு ஆறுது, உள்ள வா."

அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். நான் தட்டில் சோற்றைப் போட்டு எடுத்துவந்து வாசலிலேயே வைத்தேன்.